அடுக்களைக்கு எட்டாத பாட்டு

ஐப்பசி மழை. விடுமுறை நாள். விருத்தாசலத்துத் தெருக்களிலே ஆள் நடமாட்டம் இல்லை. மணிமுத்தாற்றில் செந்நீர் பெருகுகிறது என்று பார்த்து வந்தவர் சொல்கிறார். சூளைக்குப் போகவேண்டிய பீங்கான் பொம்மைகள் ஈரம் உலராமல் கூரைக்கடியில் காத்துக் கிடக்கின்றன. வெளியே குளிர், வீட்டுக்குள்ளே கதகதப்பு. கூடத்திலே வானொலி பாடுகிறது. அடுக்களையிலே சாம்பார் கொதிக்கிறது. கடுகும் கறிவேப்பிலையும் பொரியும் மணம் கூடம்வரை வந்து அழைக்கிறது. கையிலே சூடான தேநீர், அதுவும் நம் ஊர்ச் சூளையிலே வெந்த கோப்பையில்! இதைவிட இன்பம் வேறு ஏது என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

இன்பந்தான், மறுப்பார் இல்லை. ஆனால் தோழர்களே, யாருக்கு இன்பம்?

இந்தக் கேள்வியை ஏட்டிலிருந்து நான் கற்கவில்லை. என் வீட்டு அடுக்களை வாயிலில் நின்று கற்றேன். அன்று வானொலியிலே பழைய பாட்டு ஒன்று வந்தது. நாற்காலியில் சாய்ந்தபடியே, "அம்மா! நல்ல பாட்டு, கேட்கிறதா?" என்று குரல் கொடுத்தேன். "கேட்குதுப்பா, கேட்குது" என்று உள்ளிருந்து மறுமொழி வந்தது. மனம் நிறைந்தது. நான் இன்புறுகிறேன், அம்மாவும் இன்புறுகிறார். குடும்பமே ஒரு பாட்டில் இணைந்திருக்கிறது என்று எண்ணிப் பூரித்தேன். இரண்டாவது கோப்பைத் தேநீருக்காக எழுந்து உள்ளே போனேன். அங்கே குக்கர் சீறிக்கொண்டிருந்தது, மிக்சி இரைந்துகொண்டிருந்தது, ஓட்டின்மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பாட்டின் ஒரு சொல்கூட அங்கே கேட்கவில்லை!

அம்மா பொய் சொன்னார். எதற்காக? என் மகிழ்ச்சி குறைந்துவிடக் கூடாதே என்பதற்காக. அப்படியானால் என் மகிழ்ச்சி எதன்மேல் நின்றது? ஒருவரின் உழைப்பின்மேலும், அந்த உழைப்பை மறைத்த ஒரு பொய்யின்மேலும் நின்றது. பொய் சொன்னவர் அவர், சொல்லவைத்தவன் நான். அன்றைய சாம்பார் வழக்கம்போலச் சுவையாகத்தான் இருந்தது. எனக்குத்தான் தொண்டைக்குள் இறங்கவில்லை.

"இதிலே என்ன அநீதி? அன்பினால் செய்கிறார்கள். அன்புக்குக் கணக்குப் பார்க்கலாமா?" என்று கேட்பார் உண்டு. நல்ல கேள்வி. அன்பை நான் ஐயுறவில்லை. அன்புக்கும் வழக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டையே கேட்கிறேன். "இன்று எனக்குச் சலிப்பாக இருக்கிறது, சமைக்கப் போவதில்லை" என்று சொல்லும் உரிமை ஒருவருக்கு இருந்து, அதன் பிறகும் அவர் சமைத்தால், அது அன்பின் கொடை. அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லவே முடியாத நிலையிலே சமைத்தால், அன்பும் அங்கே இருக்கலாம். ஆனால் அன்புதான் அவரை அங்கே நிறுத்தியது என்று எப்படி உறுதி கூறுவது? கதவு திறந்திருக்கும்போது உள்ளே இருப்பவர், விரும்பி இருக்கிறார். கதவு பூட்டியிருக்கும்போதும் அவர் விரும்பித்தான் இருக்கிறார் என்று சொல்வது பூட்டியவனுக்கு வசதியான வாதம்.

"வேலைப் பங்கீடுதானே? ஆண் வெளியே உழைக்கிறான், பெண் வீட்டிலே உழைக்கிறாள்" என்பார் இன்னொருவர். பங்கீடு என்றால் இருவருக்கும் ஓய்வு இருக்கவேண்டுமே! விடுமுறை நாளிலே ஆணின் வேலைக்கு விடுமுறை. பெண்ணின் வேலைக்கோ அன்றுதான் கூடுதல் சுமை. ஞாயிறு என்றால் அவனுக்கு ஓய்வு. அவளுக்கு இரண்டு கறி, ஒரு பாயசம், வந்துபோகும் விருந்தினர். ஒருவரது ஓய்வே மற்றவரது வேலையாக மாறும் ஏற்பாட்டுக்குப் பங்கீடு என்று பெயர் சூட்டலாமா?

கணக்கு வேண்டுமா? இந்திய அரசின் புள்ளியியல் துறை 2019ஆம் ஆண்டு நாடு முழுவதும் மக்கள் தம் நேரத்தை எவ்வாறு செலவிடுகிறார்கள் என்று ஆய்ந்தது. ஊதியமில்லா வீட்டு வேலையிலே ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் செலவிட்டது சராசரி 299 நிமிடம். ஈடுபட்ட ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். ஈடுபட்டோர் எத்தனை பேர்? பெண்களில் நூற்றுக்கு 81 பேர். ஆண்களில் நூற்றுக்கு 26 பேர்! 2024இல் மீண்டும் ஆய்ந்தார்கள். பெண்களின் நேரம் 289 நிமிடமாயிற்று. பத்து நிமிடம் குறைந்ததே என்று மகிழவேண்டாம். ஆண்களின் நேரமும் 88 நிமிடமாகக் குறைந்திருந்தது. அவள் தோளிலிருந்து இறங்கிய சிறு சுமையை அவன் தோள் ஏற்கவில்லை என்பதுதானே இதன் பொருள்?

வானொலியின் கதையும் இதையேதான் சொல்கிறது. 1938 சூன் 16இல் சென்னை நிலையமும், 1939 மே 16இல் திருச்சி நிலையமும் ஒலிபரப்பைத் தொடங்கின. எத்தகைய வியப்பு! சாதி கேட்காத குரல், படித்தவர் படிக்காதவர் என்று பாராத குரல், கோட்டைச் சுவரையும் குடிசைக் கூரையையும் ஒன்றாகக் கடக்கும் குரல்! 1952இல் திரைப்பாடல்களை அகில இந்திய வானொலி ஒதுக்கத் தொடங்கியபோது, மக்கள் வாளா இருக்கவில்லை. கொழும்பு வானொலியை நோக்கித் திருகைத் திருப்பினார்கள். 1957 அக்டோபர் 3இல் விவித் பாரதி பிறந்தது. விரும்பிய பாட்டைக் கேட்கும் உரிமையை, கேட்போர் இவ்விதம் வென்றெடுத்தனர். ஆனால் அந்தத் திருகு யார் கையில் இருந்தது? கூடத்திலே நாற்காலி போட்டு அமர்ந்தவர் கையிலே. கடல் கடந்து வந்த குரல், கூடத்தைக் கடந்து அடுக்களைக்குப் போக முடியாமல் நின்றுவிட்டது. விஞ்ஞானம் சுவரைத் தாண்டும். வழக்கம் எழுப்பிய சுவரைத் தாண்ட மனிதன்தான் எழுந்து நடக்கவேண்டும்.

வடகோடியிலே ஐஸ்லாந்து என்றொரு தீவு நாடு. 1975 அக்டோபர் 24 அன்று அந்நாட்டுப் பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அலுவலக வேலையையும் வீட்டு வேலையையும் ஒருசேர நிறுத்தினார்கள். என்ன ஆயிற்று? தந்தைமார் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு ஓடினார்கள். எளிதில் சமைக்கக்கூடிய இறைச்சி வகை கடைகளிலே தீர்ந்துபோயிற்று. வானொலியிலே செய்தி வாசிக்கும்போது, பின்னணியில் குழந்தைகள் விளையாடும் ஓசை கேட்டதாம்! அதுவரை வானொலிக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த வீடு, அன்று ஒருநாள் வானொலிக்குள்ளேயே புகுந்துவிட்டது. அடுத்த ஐந்தாண்டில், 1980இல், அந்நாடு விக்டிஸ் பின்போகதோத்திர் என்ற பெண்மணியைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

தொலைவிலே தேடுவானேன்? 2023 சூன் 21இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பு அளித்தார். கணவன் அயல்நாட்டிலே உழைத்தான். மனைவி இங்கே வீட்டைக் காத்தாள், மக்களை வளர்த்தாள். அவள் உழைப்பு இல்லாமல் அவன் பொருளீட்டியிருக்க இயலாது. ஆகவே சொத்திலே அவளுக்கும் சம பங்கு உண்டு என்றது தீர்ப்பு. அடுப்படி உழைப்பையும் சட்டம் எடைபோடத் தொடங்கிவிட்டது. மனச்சான்று மட்டும் பின்தங்கி நிற்கலாமா?

பாவேந்தர் பாரதிதாசன் 'குடும்ப விளக்கு' பாடியபோது, முதற்பகுதிக்கு 'ஒருநாள் நிகழ்ச்சி' என்றே பெயரிட்டார். ஒரு பெண்ணின் ஒரு நாளைக் காலை முதல் இரவுவரை காவியமாக்கினார். அதே நூலிலே, சமையல் பெண்களுக்கே உரிய தவிர்க்க முடியாத கடமை என்னும் சட்டத்தை நீக்கவேண்டும், அதற்குப் பெண்கல்வி வேண்டும் என்றும் பாடினார். முதற்பகுதியைப் போற்றி மேடையிலே முழங்குவோர், இரண்டாவது கருத்து வரும்போது மட்டும் ஏன் தண்ணீர் குடிக்கிறார்கள்?

அதற்காக, இன்பத்தைத் துறக்கச் சொல்லவில்லை நான். மழையும் இசையும் மணக்கும் உணவும் குற்றமென்றால் வாழ்வே குற்றமாகிவிடும். நம் ஊர்ப் பீங்கானைப் பாருங்கள். கண்ணைக் கவரும் மெருகு மேலே ஒரு மெல்லிய பூச்சு. சூளையின் வெப்பத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் களிமண். மெருகை ரசிக்கலாம், களிமண்ணை மறக்கலாமா? மறந்தவன் கையில் கோப்பை இருக்கிறது, அறிவு இல்லை.

ஒரு எச்சரிக்கையும் தேவை. "அம்மாவுக்கு நான் உதவி செய்கிறேன்" என்று பெருமைப்படும் இளைஞர்கள் பெருகி வருகிறார்கள். வரவேற்கிறேன். ஆனால் 'உதவி' என்ற சொல்லைச் சற்று உற்றுப் பாருங்கள். வேலை அவளுடையது, நான் கைகொடுக்கிறேன் என்பதல்லவா அதன் உட்பொருள்? தன் வயிற்றுக்குத் தான் சமைப்பவன் யாருக்கு உதவுகிறான்? கடனைத் திருப்பிக் கொடுப்பவன் கொடைவள்ளல் என்று பட்டம் கேட்கலாமா?

அடுத்த ஞாயிறு அம்மாவைக் கூடத்து நாற்காலியிலே அமரச் சொன்னேன். உட்கார மறுத்தார். "உனக்கு உப்பு அளவு தெரியாதுப்பா" என்றார். உண்மைதான், தெரியவில்லை. இத்தனை ஆண்டுகள் உண்டவனுக்கு உப்பின் அளவு தெரியவில்லை என்பதைவிட வெட்கம் என்ன வேண்டும்? வற்புறுத்தி அமர்த்தினேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். பிறகு வானொலியிலே ஏதோ ஒரு பாட்டு தொடங்கிற்று. எட்டிப் பார்ப்பது நின்றது. மிக்சியை நிறுத்திவிட்டு நான் காது கொடுத்தேன். பாட்டோடு சேர்ந்து, மெல்லிய குரலிலே, ஒரு சொல் தவறாமல், அம்மா பாடிக்கொண்டிருந்தார்!

அவருக்குப் பாடத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. அந்தப் பாட்டு அவருக்குப் பிடிக்கும் என்பதும் தெரியாது. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தோம். அவர் கைச்சுவையை அறிந்திருந்தேன், அவரை அறிந்திருக்கவில்லை.

அன்று சாம்பாரிலே உப்பு மிகுந்துவிட்டது. இருவரும் சிரித்துக்கொண்டே உண்டோம். தோழர்களே, ஊருக்கு உரைக்கப் புறப்படுமுன் ஒருமுறை எழுந்து போய் உங்கள் வீட்டு அடுக்களையிலே நின்று பாருங்கள். கூடத்துப் பாட்டு அங்கே கேட்கிறதா?