வட்டத்தில் ஓர் இடம்

மே 2-ஆம் தேதி காலை, ஏழாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் என் அறைக்கு வந்து எனக்குக் ‘கோ’ கட்டிவிட்டார்கள். கணுக்கால் வரை நீளும் அந்தப் பூட்டான் அங்கியை முழங்கால் அளவுக்குத் தூக்கிப் பிடித்து, முதுகுப்பக்கம் இரண்டு மடிப்பும் சமமாக விழும்படி இழுத்து, ‘கேரா’ என்ற நெய்த கச்சையால் இடுப்பில் இறுக்க வேண்டும். ஒருவன் முன்னால் நின்று துணியைப் பிடித்துக்கொண்டான். பின்னால் நின்றவன், “மூச்சை உள்ளே இழுங்க சார் லா” என்று சொல்லிக் கச்சையை இறுக்கினான். சொல்லின் கடைசியில் ஒட்டும் அந்த ‘லா’ நம் ‘ங்க’ மாதிரி, மரியாதைக்கானது. கட்டி முடித்ததும் இருவரும் நாலடி தள்ளிப்போய் நின்று, பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளையை அம்மா பார்ப்பதுபோல் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். ஒரு மடிப்பு சரியில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினார்கள்.

பூட்டானின் மூன்றாவது மன்னர் ஜிக்மே தோர்ஜி வாங்சுக் பிறந்தது 1929 மே 2. நாட்டுக்குள் சாலைகளும் புதிய பள்ளிகளும் வந்தது அவர் காலத்தில்தான். அதனால் அவர் பிறந்தநாளே அங்கே ஆசிரியர் தினம். அந்தப் பள்ளிகளில் பாடம் சொல்ல இந்தியாவிலிருந்து பலர் போனார்கள், கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும்கூட. 1990-களின் பிற்பகுதியில் நானும் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கணக்கு வாத்தியாராகப் போனேன். குவாஹாத்தி வரை ரயில். எல்லையில் சம்த்ருப் ஜோங்கார். அங்கிருந்து ட்ராஷிகாங்குக்கு 180 கிலோமீட்டர் சொச்சம்; வளைந்து வளைந்து ஏறும் அந்த மலைப்பாதையில் பேருந்துக்கு ஒரு முழுப் பகல் தேவைப்பட்டது.

எங்கள் பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு அந்தச் சாலைகூட வீடு வரை போகவில்லை. மலைச்சரிவுகளில் நாலு வீடு இங்கே, ஆறு வீடு அங்கே என்று சிதறிக் கிடக்கும் ஊர்கள். தினமும் நடந்து வந்து படிப்பது ஆகாத காரியம், ஆகவே விடுதி. உலக உணவுத் திட்டம் 1974-லிருந்து அந்நாட்டுக்கு உதவி வந்தது. விடுதிச் சாப்பாட்டில் அதன் பங்கு பெரிது. சோறும் பருப்பும் கிடைத்தன, பாடமும் நடந்தது. குளிர்கால விடுமுறை வரும்வரை பெரும்பாலான பிள்ளைகள் வீட்டைப் பார்க்க மாட்டார்கள்.

நானும் விடுதியில் வளர்ந்தவன்தான். எங்கள் வார்டனின் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டால், மைதானத்தில் உருண்டுகொண்டிருந்த பந்தைக் காலால் மிதித்து நிறுத்திவிடுவோம். அவர் கெட்டவர் இல்லை. காய்ச்சல் வந்தால் இரவில் எழுந்து வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். ஆனால் ஐந்து வருஷத்தில் ஒருநாள்கூட எங்கள் விளையாட்டை நின்று பார்த்ததில்லை. வாத்தியார் என்றால் அப்படித்தான் என்று நினைத்தேன்; அந்த நினைப்போடேயே பூட்டானுக்கும் போனேன். சாயங்காலம் பிள்ளைகள் கூடிப் பாடும்போது ஜன்னலைச் சாத்திவிட்டு நோட்டுத் திருத்துவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடுதியிலேயே சின்னவனான ஒரு பையன் மூங்கில் துண்டையும் நூலையும் வைத்து வில் ஒன்று செய்துகொண்டிருந்தான். அம்பு சரியாகப் பறந்தது. உடனே திரும்பிச் சுற்றுமுற்றும் பார்த்தான். யாரும் பார்க்கவில்லை. போய் அம்பை எடுத்து வந்து மறுபடி விட்டான், மறுபடி திரும்பிப் பார்த்தான். வீட்டில் என்றால் அடுப்படியிலிருந்து ஒரு குரல் வந்திருக்கும், ‘பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்டா’ என்று. பிள்ளை விளையாடப் பெரியவர்கள் தேவையில்லை. ஆனால் அவன் விளையாடுகிறான் என்பது எங்கோ ஒரு பெரிய மனசில் பதிய வேண்டியிருக்கிறது. பெற்றவர்கள் இரண்டு மலைக்கு அப்பால் இருக்கும்போது அந்த வேலை யாருடையது? சம்பளப் பட்டியலில் எழுதாத வேலை அது. நான் கீழே இறங்கிப் போனேன்.

அந்த மலைகளில் இதை எனக்கு வெகுகாலம் முன்பே செய்துகாட்டியவர் ஒருவர் உண்டு. கனடாவிலிருந்து வந்த ஏசு சபைத் துறவி வில்லியம் மேக்கி. டார்ஜிலிங் பகுதியில் பள்ளி நடத்திய அனுபவத்தோடு 1963-ல் பூட்டானுக்கு வந்து, ட்ராஷிகாங்கில் பள்ளி தொடங்கினார். அதுவே பிறகு காங்லுங்குக்கு இடம்பெயர்ந்து ஷெருப்ட்சே என்று பேர்பெற்றது. 1995-ல் இறக்கும்வரை பூட்டானே அவருக்கு வீடு. விளையாட்டும் உடற்பயிற்சியும் அவர் பள்ளிக்கூடத்தில் பாடத்துக்குச் சமமாக நடந்தன. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் இல்லை. கிழக்குப் பூட்டானில் அவர் பேரைச் சொன்னால் பெரியவர்களின் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் மைதானத்தில் ஞாயிறு என்றால் ‘தெகோர்’. ஏறக்குறைய 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளைகள். தட்டையான வட்டக் கல்லை முளையை ஒட்டி விழும்படி எறிய வேண்டும். பார்வைக்கு எளிது. என் கல் விழுந்து, உருண்டு, எங்கேயோ போய்க் கிடக்கும். எனக்குக் கேரா இறுக்கிவிட்டவன்தான் அங்கே கெட்டிக்காரன். வகுப்பில் வாயே திறக்காதவன், என் மணிக்கட்டைப் பிடித்துக் கல்லைக் கிடையாக வைத்துக் காட்டினான். பிறகு நான் எறிகிற விதத்தை அப்படியே நடித்துக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் மனம்விட்டுச் சிரித்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. கரும்பலகையில் ஒரு பின்னக் கணக்கில் அவன் திணறி நின்றான். “கல் எறிகிறதில் இருக்கிற சாமர்த்தியம் இதில் எங்கே போச்சு?” என்று கேட்டேன். செல்லமாகத்தான் கேட்டேன். வகுப்பு சிரித்தது. அவன் சாக்பீஸை மேஜைமேல் மெல்ல வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

அடுத்த ஞாயிறு நான் மைதானத்துக்குப் போனதும் எறியப்போன கை ஒன்று பாதியில் நின்றது. யாரும் எதுவும் சொல்லவில்லை. கற்களைப் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டு ஒவ்வொருவராக விடுதிப் பக்கம் போனார்கள். நாற்பது வயதில், வெறும் மைதானத்தில் நின்றுகொண்டு, எங்கள் வார்டனின் செருப்புச் சத்தம் எப்படிக் கேட்கும் என்பதை நான் மறுபடி கேட்டேன்.

பிள்ளைகளோடு ஆடினால் மரியாதை போய்விடும் என்று மூத்த ஆசிரியர்கள் எச்சரிப்பார்கள். என் அனுபவத்தில் மரியாதை ஆட்டத்தில் போகவில்லை. ஆட்டத்தில் அவன் என்னை நம்பி எடுத்துக்கொண்ட உரிமையை வகுப்பில் அவனுக்கு எதிராகவே எடுத்து வீசியபோதுதான் போனது. அவன் என்னைக் கேலி செய்தது சமமாக நின்று. நான் செய்தது கையில் மதிப்பெண் பேனாவோடு. இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியாமல் போனது எப்படி என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

இதைப் புரியவைத்தது ஊரார் நடத்திய வில்வித்தைப் போட்டி. 1971-லிருந்து அதுவே பூட்டானின் தேசிய விளையாட்டு. 140 மீட்டர் தூரத்தில் சின்ன மரப்பலகைதான் இலக்கு. எய்பவனின் கவனத்தைக் கலைக்க எதிரணியினர் அவன் உயரத்தை, மூக்கை, எய்யும் லட்சணத்தை எல்லாம் சொல்லிக் கத்துவார்கள். அம்பு தைத்தால் அவன் அணியினர் கால் தூக்கி மெல்ல ஆடிப் பாடுவார்கள். பொழுது சாய்ந்ததும் அதே வாய்கள் ஒரே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும். அன்று பகலில் சொன்ன ஒரு கேலியையும் யாரும் சாப்பாட்டுக்குள் எடுத்துவரவில்லை. மைதானத்தில் பேசியதை மைதானத்திலேயே விட்டுவிட்டு வரும் அந்தப் பக்குவம் அவர்களுக்குச் சின்ன வயதிலேயே வந்துவிடுகிறது.

அந்தப் பையனைத் தனியே கூப்பிட்டு, வகுப்பில் நான் சொன்னது தப்பு என்றேன். “பரவாயில்லை சார் லா” என்றான். பரவாயில்லை என்று சொல்லும்படிதானே பிள்ளைகளை வளர்க்கிறோம். அதை நான் மன்னிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அதன்பின் ஞாயிறுதோறும் மைதானத்துக்கு வெளியே மதில் ஓரம் உட்கார்ந்து பார்த்தேன். உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டால் போகலாம், கூப்பிடாவிட்டால் பார்க்கலாம் என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி. பிள்ளைகளின் விளையாட்டு அவர்கள் வீடு. அதற்குள் ஆசிரியர் விருந்தாளி. முதல் சில வாரம் என்னைக் கண்டு குரலைத் தணித்தார்கள். பிறகு மறந்துபோனார்கள். சின்னவன் மட்டும் அம்பு பறக்கும்போதெல்லாம் என் பக்கம் திரும்புவான், நான் தலையசைப்பேன்.

டிசம்பரில் விடுமுறைக்கு முந்தின இரவு கலைநிகழ்ச்சி. பூட்டானில் எந்தக் கொண்டாட்டமும் ‘தாஷி லேபே’ ஆட்டத்தோடுதான் முடியும். மங்கலம் வேண்டிப் பாடும் பாட்டு. தலைமையாசிரியர், சமையற்காரர், ஊர்ப் பெரியவர், குழந்தை என்று எல்லோரும் எழுந்து ஒரே வட்டமாக நின்று மெல்ல அடியெடுத்து ஆடுவார்கள். பார்வையாளர் என்று யாரும் மிஞ்சக் கூடாது. நானும் எழுந்து, எங்கே நுழைவது என்று தெரியாமல் ஓரத்தில் நின்றேன். வட்டம் என்னைக் கடந்து சுற்றியது. எனக்குக் கேரா இறுக்கிவிட்டவன் என் எதிரே வந்தபோது ஆட்டத்தை விடாமலே ஒரு அடி தள்ளி நின்றான்.

அந்த இடைவெளியில் போய் நின்றேன். நாலைந்து அடி எடுத்து வைத்திருப்பேன்.

“அந்தக் கால் இல்லை சார் லா,” என்றான் என் காதருகே. “வலது கால்.”