கூட்டத்தை விட்டுத் தனியே



மாற்கு 7ஆம் அதிகாரத்தில், காது கேளாமல் நாக் குழறும் ஒருவரை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். அவர்மேல் கைவைத்தால் போதும் என்பது அவர்கள் வேண்டுதல். ஆண்டவரோ முதலில் அவரைக் கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துப்போகிறார். காதில் விரல் வைக்கிறார், நாவைத் தொடுகிறார், வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். காது கேளாதவருக்கும் விளங்கும்படி கையாலும் கண்ணாலும் பேசுகிறார்.

இங்கே நம் ஊரான தன்லியினிலோ, ஒரு வீட்டில் பக்கவாதம் என்று கேள்விப்பட்டால் நாம் கூட்டமாகத்தான் போகிறோம். "என்னைத் தெரியுதா? என் பேரு சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைக்கிறோம். அவர் வாயெடுப்பதற்குள் பக்கத்திலிருப்பவர் பதில் சொல்லிவிடுகிறார். அன்பால்தான் செய்கிறோம், ஆனால் களைத்துப்போகிறவர் அவர்.

இன்னொன்றும் நடக்கும். மனைவி பேரைச் சொல்ல வராதவர், நாம் பரலோக மந்திரத்தை ஆரம்பித்தால் கூடவே சொல்லிமுடிப்பார். மாதா பாட்டையும் பாடுவார். "அப்போ வேணும்னே பேசாம இருக்காரு" என்று வீட்டில் கோபப்படுகிறார்கள். அது வீம்பு அல்ல. பாரிஸில் 'டான்' என்ற ஓரசையைத் தவிர ஏறக்குறைய வேறெதுவும் பேச வராத நோயாளி ஒருவரின் மூளையில் இடது முன்பகுதி சிதைந்திருந்ததை 1861இல் பால் புரோக்கா என்ற மருத்துவர் கண்டார். அங்கே அடிபட்டால், நினைத்ததைச் சொல்லாக்கும் வழி அடைபடுகிறது. மனப்பாடமும் பாட்டும் பலருக்கு மிஞ்சுகின்றன. பேச்சுப் பயிற்சி தருவோர் சிலருக்கு அந்த ராகத்தைப் பிடித்தே சொல்லை மீட்கப் பார்க்கிறார்கள். நம்மவர்க்குத் தமிழ் முதலில் வருமா, பர்மிய மொழி வருமா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. எது வந்தாலும் சந்தோஷமாய்க் கேளுங்கள்.

பாலம் தாண்டினால் ரங்கூனில் தேசிய மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. செபம் செய்கிறோமே, பயிற்சி எதற்கு என்று தள்ளிப்போடாதீர்கள். ஆரம்ப மாதங்கள் அருமையானவை. நோயாளியைத் தூக்கும்போதும் கவனம் வேண்டும். பேதுரு கால் ஊனமுற்றவரின் வலக்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார், அது அவர் பெற்ற வரம். நீங்கள் செயலற்ற கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டுதான் இறங்கும். எப்படித் தூக்குவது என்று இயன்முறை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படுத்த நிலையில் கஞ்சி ஊட்டாதீர்கள். விழுங்கும் தசை தளர்ந்திருந்தால் உணவு மூச்சுக்குழலுக்குள் போய், நுரையீரலில் சளிக்காய்ச்சலாக முடியும். நற்கருணையும் அப்படித்தான். நான் வரும்போது நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, விழுங்கச் சிரமம் உண்டா என்று சொல்லிவிடுங்கள். சிறு துணுக்கிலும் ஆண்டவர் முழுமையாக இருக்கிறார். அப்பத்தை விழுங்கவே முடியாதவருக்குத் திராட்சை இரச வடிவில் மட்டும் வழங்கத் திருச்சபைச் சட்டம் 925 இடம் தருகிறது.

இன்றைய மன்றாட்டுகளில் ஒன்றை, பக்கவாதத்திலிருந்து மீண்டுவரும் நம் பங்குச் சகோதரர் வாசிப்பார். நடுவில் நிறுத்துவார், ஒரு சொல்லுக்காக வெகுநேரம் நிற்பார். யாரும் எடுத்துக்கொடுக்க வேண்டாம், காத்திருப்போம். இப்போது நிற்க முடிந்தவர்கள் எழுந்தும், மற்றவர்கள் உட்கார்ந்தபடியும் விசுவாசப் பிரமாணம் சொல்வோம்.