வளர்ப்பு யாருடைய வேலை?

'பேரண்டிங்' என்ற சொல் இன்று பள்ளிக் கூட்டங்களிலும் யூடியூப் உரைகளிலும் தாராளமாகப் புழங்குகிறது. அம்மா, அப்பா என்று பிரிக்காததால் முற்போக்கான சொல்லாகவும் தெரிகிறது. ஆனால் அந்தக் கூட்டங்களுக்கு அரைநாள் விடுப்பு எடுத்து வந்து உட்காருகிறவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள்தான்.

தமிழில் 'வளர்ப்பு' என்ற சொல் நெடுங்காலமாக இருக்கிறது. அது எப்போது நம் வாயில் வருகிறது? பிள்ளை நன்றாகப் படித்தால் 'யார் வீட்டுப் பிள்ளை!' என்று குடும்பத்தைப் புகழ்கிறோம். தவறு செய்தால் 'வளர்ப்பு சரியில்லை' என்று தாயைப் பார்க்கிறோம். கணவனை இழந்தவள் வளர்த்த பிள்ளையைத் தூற்ற ஊரில் தனியாக ஒரு வசவே உண்டு. மனைவியை இழந்தவன் வளர்த்த பிள்ளைக்குக் கிடைப்பது இரக்கம்.

பழி தாய்க்கு என்றால் உரிமை யாருக்கு? 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், திருமண உறவில் பிறந்த குழந்தைக்கு இயற்கைக் காப்பாளர் தந்தை, 'அவருக்குப் பின்' தாய் என்கிறது. அதே பிரிவு, ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கண்விழிக்க வேண்டிய வயதில் பிள்ளை அவளுடையது; கையெழுத்துப் போடும் அதிகாரம் அவனுடையது. மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கச் சென்ற எழுத்தாளர் கீதா ஹரிஹரனிடம் தந்தையின் கையெழுத்து கேட்கப்பட்டது. அவர் தொடுத்த வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம், 'பின்' என்பதைத் தந்தையின் மரணத்துக்குப் பின் என்று மட்டும் கொள்ளக்கூடாது, அவர் பொறுப்பேற்காத நிலையையும் குறிக்கும் என்றது. தீர்ப்பு பொருளை விரித்ததே தவிர, சட்டத்தின் வாசகத்தைத் திருத்தவில்லை.

இதெல்லாம் இயற்கை, தாய்ப்பாசம் என்பார்கள். சுமப்பதும் பாலூட்டுவதும் உடல் சார்ந்தவை. தடுப்பூசித் தேதியை நினைவில் வைக்கவும் சீருடை துவைக்கவும் கருப்பை தேவையில்லை. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் தாய்க்கு 26 வாரம் விடுப்பு தந்தது. அதே சட்டத்தில் தந்தைக்கு ஒரு நாள்கூட இல்லை. பாசம் இருப்பதாலேயே உழைப்பு கணக்கில் வராது என்பது அநீதி. அதிகாரம் தராமல் பழியை மட்டும் சுமத்துவது அதைவிடப் பெரிய அநீதி.

எனவே இந்தச் சொல்லைக் கேட்கும்போது மூன்று கேள்விகள் கேட்போம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வேலைக்குப் போகாமல் இருப்பது யார்? முடிவெடுப்பது யார்? தவறு நேர்ந்தால் தலைகுனிவது யார்? மூன்றுக்கும் விடை 'இருவரும்' என்று வரும் வீட்டில் மட்டும் அதைப் பேரண்டிங் என்று சொல்வோம். மற்ற வீடுகளில் நடப்பது தாயின் உழைப்பு. அதை அந்தப் பெயரிலேயே அழைப்போம்.