பிள்ளைக்குச் சொல்லும் மாயக்கதை பொய்யாகுமா?

மார்க்கப் பற்றுடைய நம் சகோதரர் சிலர் மனத்தில் கிடந்து உறுத்தும் கேள்வி இது. கடையில் ஒரு சாண் துணியைக்கூடக் குறைத்து அளக்கக் கூடாது, சரக்கிலுள்ள பழுதை வாங்க வந்தவரிடம் மறைக்கக் கூடாது என்பதை நாம் அறிவோம். பகல் முழுவதும் அப்படி நாவைக் காத்துக்கொண்ட ஒருவர், இரவு கடையடைத்து வீடு சேர்ந்ததும், பிள்ளையின் தலைமாட்டில் அமர்ந்து நரியையும் சிங்கத்தையும் பேச வைக்கிறார். அது எந்தக் கணக்கில் சேரும்? நரி பேசாது. கம்பளம் பறக்காது. விளக்கைத் தேய்த்தால் கை கறுக்குமே தவிர பூதம் வராது. இல்லாததை இருப்பதாகத் தெரிந்தே சொல்வதுதான் பொய் என்றால், இது பொய்யில்லாமல் வேறென்ன?

இதைச் சிரித்துத் தள்ளிவிடுவோர் உண்டு. தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று இது. வணிகனுக்கு முதல் என்பது பணமல்ல, வாக்கு. அந்த முதலை அவன் தன் பிள்ளையிடம் எப்படிச் செலவிடுகிறான் என்பது சின்ன விஷயமாகுமா?

அபூதாவூது ஹதீஸ் தொகுப்பில் உள்ள இரண்டு நிகழ்ச்சிகளை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒரு தாய், "வா, உனக்கு ஒன்று தருகிறேன்" என்று தன் சிறு பிள்ளையை அழைத்தார். அவ்வீட்டில் அமர்ந்திருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், என்ன கொடுக்க எண்ணினாய் என்று கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் அந்தத் தாய். ஒன்றும் கொடுக்காமல் விட்டிருந்தால் அது உன் மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று நாயகம் அவர்கள் எச்சரித்தார்கள். இது ஒன்று. மற்றொன்று, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளைப் பற்றியது. காற்றில் திரை விலக, பொம்மைகளுக்கு நடுவே கந்தலில் இரண்டு சிறகு வைத்த குதிரை ஒன்று தெரிந்தது. குதிரைக்குச் சிறகா என்று நாயகம் அவர்கள் வினவ, சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகு இருந்ததாக நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் திருப்பிக் கேட்டார்கள். நாயகம் அவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள்.

பேரீச்சம்பழம் உலகத்தில் உள்ள பொருள். சிறகு முளைத்த குதிரையை எவரும் சந்தையில் விலைபேசியதில்லை. எனினும் எச்சரிக்கை விழுந்தது பழத்தின் மீது, சிரிப்பு கிடைத்தது குதிரைக்கு. ஏன்? அந்தப் பிள்ளை தாயின் சொல்லை நம்பிக் காலெடுத்து வைத்து வந்தது. அந்தச் சொல்லின் பேரில் ஒரு கடன் ஏற்பட்டுவிட்டது. கந்தல் குதிரையின் பேரில் கொடுக்கலும் இல்லை, வாங்கலும் இல்லை. ஆகவே ஒரு சொல்லைப் பொய்யாக்குவது அதில் வரும் பொருள் உலகத்தில் இல்லாதது என்பது மட்டுமன்று. கேட்பவன் அதை நம்பி இறங்குமாறு செய்து அவனை ஏமாற்றுவதே என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்குள் போனால், பொய் வேறோர் இடத்தில் அகப்படும். "தூங்கு, இல்லாவிட்டால் பூச்சாண்டி வந்து பிடித்துக்கொள்வான்" என்கிறோம். "கண்ணை மூடு, போலீஸ்காரர் கீழே நிற்கிறார்" என்கிறோம். "சீக்கிரம் தூங்கினால் நாளைக்கு ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறேன்" என்கிறோம்; மறுநாள் கடையில் சரக்கு வந்து இறங்கியதைக் காரணம் காட்டிவிடுகிறோம். அலாவுதீன் விளக்கைச் சொல்லத் தயங்கும் அதே நாவு இவற்றைச் சற்றும் கூசாமல் சொல்லிவிடுகிறது. பிள்ளை இவற்றை நம்பி நடுங்குகிறது, நம்பிக் கண்ணை மூடுகிறது. நாமோ அந்த நம்பிக்கையில் அரைமணி நேர ஓய்வை லாபமாக எடுக்கிறோம். பொய் என்று பெயர் சூட்டுவதானால் முதலில் இதற்குத்தான் சூட்ட வேண்டும்.

மாயக்கதையை எதிர்ப்போர் இன்னொரு சான்றும் காட்டுவர். மக்கத்து நள்ர் இப்னு ஹாரிது பாரசீகத்து ருஸ்தம், இஸ்பந்தியார் கதைகளைக் கற்றுவந்து, ஜனங்களை நபிகள் நாயகத்திடமிருந்து பிரிப்பதற்காகச் சொல்லிவந்தான் என்பது வரலாறு. உண்மைதான். ஆனால் அவன் குற்றம் ருஸ்தமின் வீரத்தைச் சொன்னதிலா இருக்கிறது? எதிரே போட்டிக் கடை விரித்து, அங்கே போகிற ஜனங்களை வழிமறித்ததில் இருக்கிறது.

கதை நம்மவர்களுக்குப் புதிய சரக்குமன்று. இந்தியாவில் பிறந்த பஞ்சதந்திரம் பாரசீகம் சென்று பகலவி மொழியில் புகுந்தது. அதிலிருந்து 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகப்பஃ என்பவர் அரபியில் ஆக்கினார். கரடகன், தமனகன் என்ற நரிகள் அங்கே கலீலா, திம்னா ஆயின. நூலுக்கும் அதுவே பெயர். நரியைப் பேச வைத்தது ஏன் என்பதற்கு அவர் முன்னுரையிலேயே காரணம் காட்டுகிறார். விலங்குகளின் பேச்சு இளையவர் மனத்தை இழுக்கும், அறிவுடையோர் அதனுள்ளே இருக்கும் அறிவைத் தேடுவர் என்பது அவர் கருத்து. ஒரே கதை, வயதுக்கு ஒரு விலை! அவர் எவரையும் ஏமாற்றவில்லை; நரி எதற்காகப் பேசுகிறது என்பதை வாசலிலேயே எழுதிவைத்துவிட்டார்.

அந்தக் கதை மேற்கே போனதோடு நிற்கவில்லை. 1835இல் மலாக்காவில் முன்ஷி அப்துல்லா பஞ்சதந்திரத்தைத் தமிழிலிருந்து மலாயில் பெயர்த்தார். இராபிள்சிடம் எழுத்தராயிருந்து, சிங்கப்பூரில் வெள்ளையர்களுக்கு மலாய் கற்பித்தவர் அவர். அவருடைய முன்னோர் ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து அங்கே பெண்ணெடுத்தவர். கப்பலில் துணியும் மிளகும் ஏற்றிய கைகளே கதையையும் ஏற்றின என்று சொல்வதில் நமக்குக் கொஞ்சம் பெருமை இருந்தால் தவறில்லை.

ஆனால் முஸ்லிம் வீட்டில் வரும் மெய்யான சிக்கலை இன்னும் தொடவில்லை. ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு நாம் சுலைமான் நபியின் வரலாற்றையும் சொல்கிறோம். அதில் எறும்பு பேசுகிறது, ஹுத்ஹுத் பறவை செய்தி கொண்டுவருகிறது. மறுநாள் இரவு நரிக்கதை. அதிலும் நரி பேசுகிறது. பிள்ளை கேட்கிறது: "அத்தா, இது நிஜமா?" இரண்டும் நிஜந்தான் என்று சொல்லிவைத்தால், எட்டு வயதில் நரி பொய்யாகும்போது எறும்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும். இரண்டும் கதைதான் என்று சொல்ல நம் ஈமான் இடந்தராது. இதற்கு விடை சொல்லாமல் விளக்கை அணைத்துவிடுகிற தகப்பன்மார் பலர்.

இந்தத் தடுமாற்றம் நம் கற்பனை அன்று. 2014இல் அமெரிக்காவின் போஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்லீன் கோரிவோவும் கூட்டாளிகளும் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டனர். வழிபாட்டுக்குச் செல்லும் குடும்பத்துப் பிள்ளைகளும் சமயப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளும், அவ்விரண்டும் இல்லாத பிள்ளைகளைவிட அதிகமாக, மாயக்கதையில் வருபவரை மெய்யாக வாழ்ந்தவர் என்று கருதினர். இதைச் சமயக் கல்விக்கு எதிராகத் திருப்புவோர் திருப்பட்டும். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றே: மார்க்கம் சொல்லித்தருகிற வீட்டில், இரண்டு சரக்கையும் தனித்தனி அலமாரியில் வைக்கும் பொறுப்பு மற்ற வீடுகளைவிடக் கூடுதல்.

அதற்கு வேண்டிய கருவியைத் தமிழ் நமக்கு முன்னமேயே கொடுத்திருக்கிறது. "ஒரு ஊர்ல ஒரு நரி இருந்துச்சாம், அது சிங்கத்துக்கிட்டப் போய்ச் சொல்லுச்சாம்" என்றுதானே நம் பாட்டிமார் சொன்னார்கள்? அந்த 'ஆம்' ஒரு பெயர்ப்பலகை. நான் கண்டதில்லை, உறுதியும் சொல்லவில்லை, கேட்டதைக் கேட்டபடி தருகிறேன் என்று ஓரசையில் அறிவித்துவிடுகிறது. அரபுநாட்டுக் கதைசொல்லி, இருந்தது, இருக்கவும் இல்லை என்ற பொருளில் தொடங்குவார். மலாய்க்காரர் 'கொனோன்' என்பார். சுலைமான் நபியின் எறும்பைச் சொல்லும்போது "சொன்னது" என்று சொல்லுங்கள். நரியைச் சொல்லும்போது "சொல்லுச்சாம்" என்று சொல்லுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இலக்கணம் தெரியாது, ஆனால் காது தெரியும். அதன்பின் "நிஜமா?" என்று கேட்டால், "நரி சும்மா கதைக்காகப் பேசுச்சு, எறும்பு பேசியது குர்ஆனில் இருக்கிறது" என்று நேராகச் சொல்லிவிடலாம். கதையின் சுவை இதனால் கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பதிலைக் கேட்ட பிள்ளை அடுத்த நொடியே "அப்புறம் நரி என்ன பண்ணுச்சு?" என்றுதான் கேட்கும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு சரக்கு உண்டு. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகை, ஓட்டை விழுந்து மூழ்கவிருந்த கப்பலைத் தம் கையிலிருந்த கண்ணாடியை எறிந்து அடைத்துக் காப்பாற்றினார்கள் என்ற செய்தியை நம்மில் பலர் பிள்ளைப்பருவத்திலேயே கேட்டிருப்போம். 1828க்கும் 1830க்கும் இடையில் தெலுக் ஆயர் தெருவில் நம்மவர் எழுப்பிய நாகூர் தர்கா அன்று கடலோரத்தில் நின்றது. கடலைத் தூர்த்தது பின்னாளில். கரையிறங்கியவுடன் அங்கே போய் நின்ற மாலுமிக்கு ஓட்டைக் கப்பல் என்பது கதையன்று, நேற்றைய பயம். இந்தக் கராமத்தை உறுதியாக நம்புவோர் உண்டு, மறுப்போரும் உண்டு. அந்த வழக்கைத் தீர்க்கும் இடம் இதுவன்று. பிள்ளைக்கு "எறிந்தார்களாம், நம் பெரியவர்கள் சொல்லுவார்கள்" என்று சொன்னால் எந்தத் தரப்புக்கும் பொய் சொன்னதாகாது.

ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் வாசிக்கும்போது இந்த 'ஆம்' கழன்றுபோகிறது. கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 100க்கு 2.5 பேர், ஆங்கிலம் பேசுவோர் 48.3 பேர். பகலில் பள்ளியும் கடையும் எந்த மொழியில் நடந்தாலும் நடக்கட்டும். படுக்கையருகே பதினைந்து நிமிடம் தமிழுக்கு ஒதுக்குவது கட்டுப்படியாகாத காரியமா?

கதையால் பிள்ளை திருந்துமா என்பது தனிக் கேள்வி. கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்துக் காங் லீ முதலானோர் 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளைச் சோதித்து 2014இல் கண்டதைக் கேளுங்கள். பொய் சொன்னால் மூக்கு நீளும் பினோக்கியோ கதையும், ஓநாய் வந்தது என்று கூவிய சிறுவன் கதையும் பிள்ளைகளை மெய் பேசச் செய்யவில்லை. மரத்தை வெட்டியது நான்தான் என்று ஒப்புக்கொண்டு தகப்பனிடம் பாராட்டுப் பெற்ற ஜார்ஜ் வாஷிங்டன் கதையைக் கேட்ட பிள்ளைகள் மெய் சொல்ல முன்வந்தனர். பயமுறுத்திய கதை தோற்றது, மெய்க்கு மதிப்புக் கொடுத்த கதை வென்றது. வேடிக்கை என்னவென்றால், அந்த வாஷிங்டன் கதையே வீம்ஸ் என்ற பாதிரியார் தம் நூலின் 1806ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்த கட்டுக்கதை என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள்! அவர் அதற்கு 'ஆம்' போடவில்லை.

மூன்று வயதுக் குழந்தைக்கு இந்த ஆராய்ச்சி ஒன்றும் வேண்டாம். அதற்கு வேண்டியது உங்கள் குரலும், நேற்றுச் சொன்ன கதையே மாறாமல் இன்றும் வருவதும். ஒன்பது, பத்து வயதில் பிள்ளை பேரம் பேசத் தொடங்கும்; கம்பளம் மழையில் நனைந்தால் என்னாகும் என்று கேட்கும். நூறு மசலாவில் இளவரசி விடுகதைமேல் விடுகதையாகப் போட்டு இளவரசனை மடக்கப் பார்ப்பதை எடுத்துச் சொல்ல ஏற்ற வயது அது. பிள்ளையே சில விடைகளை முந்திக்கொள்ளும்.

அதற்கும் மூத்த பிள்ளைகளைக் கதைக்கு மேற்பட்டவர்கள் என்று விட்டுவிடுகிறோம். ரெட்ஹில் நிலையத்தில் ரயில் நிற்கும்போது அந்தப் பெயரின் கதையைத் தொடங்கிவையுங்கள். சிங்கப்பூர்க் கரையில் ஊசிமூக்கு மீன்கள் பாய்ந்து ஆட்களைக் குத்திக் கொன்றனவாம். ராஜா ஜனங்களின் கால்களையே வேலியாக நிறுத்தினாராம். வாழைத்தண்டை நட்டால் மீன் அதில் குத்தி மாட்டிக்கொள்ளாதா என்று ஒரு சிறுவன் சொன்னானாம். ஊர் பிழைத்தது. இவ்வளவு அறிவுள்ளவன் வளர்ந்தால் ஆபத்து என்று பெரிய மனிதர்கள் ஓத, ராஜா அவனைக் கொன்றுவிட்டாராம். செஜாரா மெலாயு சொல்லும் இக்கதையோடு, அவன் இரத்தத்தால் குன்று சிவந்தது என்பதையும் ஊரார் சேர்த்துக்கொண்டனர். பன்னிரண்டு வயதுப் பிள்ளை மீன் பாயுமா என்று கேட்காது. அவனால் பிழைத்தவர்கள் ஏன் சும்மா இருந்தார்கள் என்று கேட்கும். அன்று தூங்கச் சற்று நேரமாகும்.