முதல் ஐம்பது வெள்ளியை வாங்கிக் காட்டு!

ஆப்பிள் கணினி வைத்திருக்கும் நண்பன் இருந்தால், அதிலுள்ள எழுத்துருப் பட்டியலைத் திறந்து காட்டச் சொல். தமிழ் எம்என், மலையாளம் எம்என், கெமர் எம்என், லாவோ எம்என் என்று வரிசையாக நிற்கும். அந்த 'எம்என்' யார் தெரியுமா? முத்து நெடுமாறன். மலேசியக் கவிஞர் முரசு நெடுமாறனின் மகன். கம்போடியக்காரன் எழுத்துக்குக் கலிபோர்னியாக் கம்பெனி நம் நாட்டுத் தமிழனின் கைவண்ணத்தை வாங்கி வைத்திருக்கிறது! நம் காப்பார் ஊர்ப் பையனுக்கெல்லாம் எதற்கு மென்பொருள் தொழில் என்று இனி எவனாவது பேசினால், இந்தப் பட்டியலைக் காட்டி வாயை அடை.

அவர் கணினித் தமிழ் வேலையைத் தொடங்கியது 1985இல். திரையில் ஒரு தமிழ் எழுத்து தெரிந்தாலே அதிசயம் என்றிருந்த காலம். கைப்பேசியில் தமிழில் எழுத வைத்த செல்லினம் வந்தது 2005 பொங்கலுக்கு. நடுவில் இருபது வருடம்! மென்பொருள் தொழில் தொடங்க வந்த நீயோ மூன்று மாதத்தில் முதலீட்டாளர் கிடைக்கவில்லை என்று மூலையில் உட்கார்ந்துவிட்டாய்.

முதலீடு இல்லாமல் முடியாதா? ஸ்ரீதர் வேம்புவும் குடும்பத்தாரும் நண்பர்களும் 1996இல் அட்வென்ட்நெட் தொடங்கினார்கள். நெட்வொர்க் சாதனம் செய்யும் கம்பெனிகளுக்கு மென்பொருள் விற்றார்கள். 2001 வாக்கில் டாட்காம் சரிவு வந்தது. வாங்கிக்கொண்டிருந்தவர்கள் பலர் காணாமல் போனார்கள். வேம்புவின் ஆட்கள் அழுதுகொண்டா இருந்தார்கள்? கையிலிருந்த ஆட்களையும் அனுபவத்தையும் வைத்துப் புதுச் சரக்குக்குத் திரும்பினார்கள். அதுதான் இன்றைய ஸோஹோ. வெளியார் முதலீடு வாங்காமலே வளர்ந்தது.

அங்கே வேலை பார்த்து வெளியே வந்தவர்தான் திருச்சிக்காரர் கிரிஷ் மாத்ருபூதம். வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் மென்பொருள் ஒன்று திடீரென்று விலையை ஏற்றியது. அதைப் பயன்படுத்தியவர்கள் கொதித்து எழுதினார்கள். நீயும் நானுமாக இருந்தால் படித்துவிட்டுச் சிரித்திருப்போம். அவர் 2010இல் சென்னையில் கம்பெனி தொடங்கினார். முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் ஒரு பள்ளி. அந்தக் கம்பெனி, ஃப்ரெஷ்வொர்க்ஸ், 2021 செப்டம்பரில் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறியது.

அவருக்கு அடுத்தவன் எரிச்சல் தொழிலாகத் தெரிந்தது. உன் ஊரில் எரிச்சலுக்கா பஞ்சம்?

ஜாலான் காப்பாரில் ஓடும் லாரிகளைப் பார். ஓட்டுநர் டி.ஓ. எனும் சரக்கு ஒப்படைப்புச் சீட்டைக் கண்ணாடிக்கு முன்னால் செருகி வைத்திருப்பார். பாதி சீட்டில் மை அழிந்திருக்கும், பாதியில் காப்பிக் கறை. மாதக் கடைசியில் முதலாளியின் மனைவி அதையெல்லாம் மேசையில் பரப்பி, யாருக்கு எத்தனை டிரிப் காசு என்று இரவு முழுக்கக் கூட்டிக்கொண்டிருப்பார். தொலைந்த ஒரு சீட்டுக்காக ஓட்டுநரோடு சண்டை வேறு. சீட்டைப் படம் பிடித்தால் டிரிப் கணக்கும் பில்லும் தானே வரும்படி ஒரு சின்னச் செயலி எழுத உனக்குத் தெரியாதா? தெரியும்! ஆனால் நீ உலகத்தையே மாற்றும் ஐடியாவுக்குக் காத்திருக்கிறாய்.

மாதம் 50 வெள்ளி கேள். நூறு லாரி முதலாளிகள் சேர்ந்தால் மாதம் 5,000 வெள்ளி. அடுத்த மாதமும் வரும், அதற்கடுத்த மாதமும் வரும். இந்தத் தொழிலின் ருசியே அதுதான். ஆனால் மாதம் பத்துப் பேர் விட்டுப் போனால் நீ ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிறாய் என்று பொருள். புது ஆள் தேடுவதை நிறுத்து. போனவர் வீட்டுக் கதவைத் தட்டி, ஏன் போனீர்கள் என்று கேள். திட்டுவார்கள். வாங்கிக்கொள்! அந்தத் திட்டுக்குள்தான் உன் அடுத்த பதிப்பு இருக்கிறது.

'நல்லா இருக்கு தம்பி' என்று தட்டிக்கொடுப்பவனை நம்பாதே. சொந்தக்காரர் பாராட்டு காசுக்கு உதவாது. பணம் கட்டியவன் சொல்வது மட்டுமே கருத்து. பேரும் லோகோவும் மேலாளர் என்று அச்சடித்த அட்டையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், நிறுவனப் பதிவகமான எஸ்.எஸ்.எம்.மில் பதிவதொன்றும் மலையைப் பெயர்க்கும் வேலையில்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் நிமிர்ந்து நின்று விலை சொல்வதுதான் கஷ்டம். பயமாகத்தான் இருக்கும், குரல் நடுங்கினாலும் சொல்.

தம்பி, தங்கச்சி, இந்தச் சனிக்கிழமை தூங்காதே. ஒரு லாரி முதலாளியோடு உட்கார்ந்து அவர் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார். ஒரு பக்கத்துக்காவது தீர்வு எழுது. ஐம்பது வெள்ளியை வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்பு!