ஞாபகத்தின் பேரில்

ஞாபகத்தின் தொடர்ச்சிதான் ஆள் என்று ஜான் லாக் 1694இல் எழுதினார். நேற்றைய செய்கையை என்னுடையதென்று என் பிரக்ஞை ஏற்கிற அளவுக்கே நான் நேற்றைய நான். 1785இல் தாமஸ் ரீட் இதற்கு ஒரு தளபதியைக் கொண்டுவந்து நிறுத்தினார். சிறுவயதில் தோட்டத்தில் திருடி அடிவாங்கியவன். பின்னர் போரில் எதிரியின் கொடியைப் பறித்தவன். கொடி பறித்தபோது அடி ஞாபகமிருந்தது. தளபதியானபின் கொடி ஞாபகமிருக்கிறது, அடி அறவே மறந்துவிட்டது. லாக் சொல்கிறபடி பார்த்தால் தளபதி அந்தப் பையனாகவும் இருக்கிறார், இல்லாமலும் இருக்கிறார். தர்க்கம் சரி. ஆனால் வயோதிகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவனுக்கு உதாரணம் தலைகீழாகப் படும். ஞாபகம் அண்மையிலிருந்து பின்னோக்கி அழிகிறது என்று 1881இல் ரிபோ எழுதிவைத்தார். கிழத் தளபதிக்கு மிஞ்சுவது தோட்டமும் அடியும். கொடிதான் முதலில் போகும்.

என் அம்மாவுக்கு 84 வயது. ஏழு வயதில் தாமிரபரணிப் படித்துறையில் நழுவவிட்ட செம்பு ஞாபகமிருக்கிறது. வீட்டில் என்ன சொல்வது என்று பயந்ததும் கூடவே இருக்கிறது. அப்பா இறந்தது இல்லை. விளக்கேற்றுகிற நேரத்துக்கு, "ஏல, அப்பாவ இன்னும் காணலியே?" என்பாள். முதல் வாரங்களில் தங்கை உண்மையைச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அம்மா அப்போதுதான் விதவையானாள். மறுநாள் அழுகை மறந்திருக்கும். கேள்வி மட்டும் வரும். இப்போது, கடைக்குப் போயிருக்காங்க என்கிறோம். "அப்ப சோத்த மூடி வை."

1797இல் கான்ட் இதை அனுமதிக்கவில்லை. கொலைகாரன் வாசலில் வந்து கேட்டாலும் பொய் கூடாது. அது பேச்சின் மீதுள்ள நம்பிக்கையையே கெடுத்து மனிதகுலம் முழுமைக்கும் தீங்கு செய்கிறது என்றார். (அதே கான்ட் 1802இல், சுமார் நாற்பது வருஷம் தன்னிடமிருந்த லாம்பெ என்ற வேலையாளை அனுப்பிவிட்டு, அந்தப் பெயரை மறந்துவிட வேண்டுமென்று குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொண்டார். அப்போது அவர் ஞாபகமே உதிர ஆரம்பித்திருந்தது.) வள்ளுவர் 292ஆம் குறளில் ஒரு சலுகை தருகிறார். நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைதான் எனக்குச் சங்கடம். அம்மா அழாத சாயங்காலம் எங்களுக்கும் சௌகரியமான சாயங்காலம். இதில் எது யாருக்கான நன்மை என்று பிரித்துக் காட்ட என்னால் ஆகவில்லை.

ஆயினும் ஒன்று சொல்லலாம். துக்கம் காலத்தில் கரைகிற காரியம். பத்தாம் நாள், பதினாறாம் நாள், வருஷத் திவசம் என்று நாம் அதற்குப் படி கட்டி வைத்திருக்கிறோம். நாளையே எண்ண முடியாதவளிடம் மரணத்தைச் சொல்கிறபோது அவளுக்குத் துக்கம் கிடைப்பதில்லை. முதல் அடி மட்டுமே கிடைக்கிறது, தினமும். சொன்ன உண்மை கேட்டவரிடம் ஓர் இரவாவது தங்க வேண்டாமா? தங்காத இடத்தில் அதைச் சொல்லும் கடமையைக் கான்ட் எதன்மேல் நிறுத்துவார் என்று தெரியவில்லை.

இடையூறு வேறு பக்கத்திலிருந்து வந்தது. என் மகளின் குழந்தைக்கு ஆறு வயது. "பெரிய தாத்தா செத்துட்டாங்கல்ல?" என்று அம்மாவுக்குக் கேட்காமல் என் காதோடு கேட்டது. ஆமாம் என்றேன். ஒரே கூடத்தில் இரண்டு பதில். மறுநாள் விளக்கேற்றியதும் அதுவே முந்திக்கொண்டு, கடைக்குப் போயிருக்காங்க என்றது. குரலில் தயக்கமே இல்லை. அந்தச் சரளம் எனக்குப் பிடிக்கவில்லை.

என் முறை வந்தால் எந்தப் பதில் சொல்ல என்று மகள் கேட்டாள். உண்மையை, என்றேன். கொஞ்சம் கழித்து, முதல் இரண்டு தடவை, என்றேன்.