அறிவிக்கும் பாசியும் அறியும் உயிரும்

கருவி தானே அறியமாட்டாது. கருவியைக் கொண்டு அறிவது உயிரே என்பது சித்தாந்த நூல்களின் துணிபு. இத்துணிபினை இக்கால உயிர்நூற் புதுமை யொன்றன்மேல் வைத்து ஆராய்தல் பயனுடைத்து. நீரிற் கலந்த நஞ்சினைக் காட்டுதற்பொருட்டுப் பாசியின் மரபணுவை மாற்றி, அதனையே உயிருள்ள உணர்கருவியாக அமைக்கும் முயற்சியே அப்புதுமை. அதன்கண் மூன்று வினாக்கள் எழுகின்றன. அப்பாசி நஞ்சினை அறிகின்றதோ? அதனை அமைத்தோர் உயிரைப் படைத்தோராவரோ? அதனைக் கொண்டு அறிந்தோர்க்குரிய கடன் யாது?

முதற்கண் அதன் இயல்பினைக் கூறுதும். கிளாமிடோமோனாஸ் என்பது நன்னீரிலும் ஈரமண்ணிலும் வாழும் ஓரணுப் பசும்பாசி. அதன் உடல் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூற்றிலொரு கூறே. இரண்டு நுண்ணிழைகளை வீசி நீந்தும். ஒளியை உணரும் புள்ளியொன்றும் அதற்குண்டு. ரிச்சர்டு சேயர் முதலிய ஆராய்ச்சியாளர் இப்பாசியினுள் மூன்று புரதங்களை ஒரு தொடராக உண்டாக்கும் மரபணுவைப் புகுத்தி, அதன் பயனை 2014-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நடுநின்ற புரதம் கோழிக்குரியது. பாதரசம், காட்மியம், ஈயம் முதலிய உலோகங்களைப் பற்றுவது. இருமருங்கும் நின்றவை ஒளிர்வன. ஒன்று நீலப்பச்சை, மற்றொன்று மஞ்சள். இவை, ஒசாமு ஷிமோமுரா என்பார் சொறிமீன் ஒன்றினின்றும் பிரித்தெடுத்து 1962-இல் வெளிப்படுத்திய பச்சையொளிர் புரதத்தின் திரிபுகளாம். அப்புரத ஆராய்ச்சிக்கு 2008-இல் நோபல் பரிசு அளிக்கப்பெற்றது.

உலோகத்தைப் பற்றியவழி நடுப்புரதம் மடங்கும். மருங்கின் நின்ற இரண்டும் அணுகும். நீலப்பச்சைப் புரதம் தான் ஏற்ற ஒளியின் ஆற்றலை மஞ்சட் புரதத்திற்கு ஈயும். அதனால் வெளிப்படும் ஒளியின் நிறம் வேறுபடும். அவ்வேறுபாட்டினை அளந்து, புறநீரிலுள்ள உலோகம் சில நொடிகளிலேயே பாசியின் உள்ளே பரவுகின்றதென ஆராய்ச்சியாளர் கண்டனர்.

இனி, பாசி நஞ்சினை அறிந்தன்றோ ஒளியான் அறிவித்தது என்பார்க்கு விடை கூறுதும். அற்றன்று. அத்தொடர்ப்புரதத்தைப் பாசியின் வேறாகப் பிரித்துக் கண்ணாடிக் கலத்திலிட்டு உலோகத்தைச் சேர்த்தபோதும் நிறம் அவ்வாறே மாறிற்று. உயிரில்வழியும் நிகழ்வதொன்று உயிரின் அறிவாதல் யாங்ஙனம்? அது சடத்தின் செயலே. ஐம்பொறிகள் உயிரால் தொழிற்பட்டும் தம்மையும் அவ்வுயிரையும் அறியாவாறு போல, உயிர்களும் தமக்கு அறிவிக்கும் இறைவனை அறியாது நிற்குமெனச் சிவஞானபோதத்து ஐந்தாஞ் சூத்திரம் உணர்த்தும். பாசியின் ஒளியும் அப்பொறிகளைப் போல்வதே. அவ்வொளி உலோகத்தைக் காட்டும். தான் காட்டுகின்றமையை அறியாது. தன்னை நோக்கி அளப்பான் ஒருவன் உளன் என்பதும் அறியாது.

இரண்டாம் வினாவிற்கும் விடை இதனாற் பெறப்படும். கோழியின் புரதமும் சொறிமீனின் ஒளியும் பாசியினுள் இசைந்து நின்றமை, உடல்களெல்லாம் மாயையென்னும் ஒரே முதற்காரணத்தின் காரியம் என்பதற்கு இயைபுடைத்து. ஆராய்ச்சியாளர் மாற்றியது தனுவும் கரணமுமே. அத்தனுவில் நின்ற உயிரை அவர் ஆக்கினாரல்லர். உயிர் அநாதி. தச்சன் வீட்டிற்குப் புதியதோர் சாளரம் வைத்தமையால் வீட்டில் வாழ்வானைப் படைத்தவனாகான்.

அங்ஙனமாயின், நம்பொருட்டு ஓருயிரை நஞ்சினுள் நிறுத்துதல் தகுமோ எனின், இவ்வினா புறக்கணிக்கற்பாலதன்று. பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுக்காற்றை அறிதற்குக் கானரிப் பறவைகளைக் கூட்டிலிட்டுக் கொண்டுசெல்லும் வழக்கம் 1986 வரை இருந்தது. பறவை மயங்கியபின்னரே மாந்தர் தப்பினர். புல்லும் மரமும் ஓரறிவுயிர் என்பது தொல்காப்பிய மரபு. பாசியையும் அவ்வினத்தோடு வைத்து எண்ணலாம். பூசைக்கு மலர் கொய்யும் சைவன் ஓரறிவுயிரை ஊறுபடுத்தாதவன் அல்லன். ஆயினும் வேண்டுமளவே கொய்வான், வீணே சிதைக்கமாட்டான். இந்நெறியே ஈண்டும் கொள்ளத்தக்கது. பல உயிர்களைக் காத்தற்பொருட்டு, இன்றியமையாத அளவில், கலத்தினுள் அடக்கி ஆளுதல் ஏற்புடைத்து. அதனைக் குளத்திலும் ஆற்றிலும் விடுதலோ வேறு. பிரிந்து பிரிந்து பெருகும் அதனை மீட்டுக் கொள்ளுதல் அரிது.

மூன்றாவதே தலையாய வினா. ஜப்பானில் மினமாட்டா என்னும் ஊரில், சிஸ்ஸோ தொழிற்சாலை கடலில் விட்ட கழிவுநீரின் பாதரசம் மீன்களிற் சேர்ந்தது. அம்மீனை உண்ட பூனைகள் வலிப்புற்று மடிந்தன. மாந்தரின் நோய் 1956-இல் முறையாக அறிவிக்கப்பட்டது. 1959-இல் அத்தொழிற்சாலை மருத்துவமனையின் மருத்துவராகிய ஹொசொகாவா, கழிவுநீரைப் பூனையொன்றின் உணவிற் கலந்து ஊட்டினார்; அதுவும் அந்நோயே உற்றது. நிறுவனத்தார் அம்முடிபினை மறைத்தனர். கழிவு கடலிற் கலத்தல் 1968 வரை ஓய்ந்திலது.

ஈண்டு இல்லாதிருந்தது கருவியோ? அன்று. பூனையே கருவியாயிற்று, அது காட்டவும் செய்தது, கண்டோரும் இருந்தனர். இல்லாதிருந்தது, கண்டதன்வழி ஒழுகும் மனமே. யான் எனது என்னும் பற்று, கண்முன் நின்ற உண்மையையும் மூடவல்லது. ஆணவ இருளை எந்தப் புரதத்தின் ஒளியும் நீக்கமாட்டாது. அறியாது செய்தான் பிழையினும் அறிந்து மறைத்தான் பிழை பெரிதாகலின், நுண்ணிய கருவி கைவந்தோர்க்குக் கடனும் மிகும். நஞ்சுண்டென ஒளி காட்டிய பின்னும் அந்நீரை ஊரார்க்கு விடுவோன், அறியேன் என்னும் சொல்லையும் இழந்தவனாவான்.

ஆகலின் இப்புதுக்கருவியை இகழ்தலும் வேண்டா. அதனைக் கொண்டே உலகம் உய்ந்துவிடுமென மயங்குதலும் வேண்டா. பாசி தன் தொழிலை அறியாமலே செய்து முடிக்கின்றது. அறியவல்ல உயிரோ, அறிந்தபின் அருள்வழி நிற்றலே தனக்குரிய தொழிலெனக் கொள்க. எவ்வுயிர்க்கும் இரங்குதல் சிவத்தொண்டின் ஒரு கூறென்பதை மெய்யன்பர்கள் சிந்திப்பாராக.